ஏழு வருடம் என்று சொன்ன சீமோன்

இது கட்டிச் சொன்ன கதையில்லை, நடந்தது. சந்தேகமிருந்தால் கனடாவிலுள்ள மல்வேர்னுக்குப் போய்ச் சீமோனின் இடது காதைப் பார்க்கலாம். மேல் நுனி இருக்காது. குளிருக்கு என்று தொப்பியை இழுத்து மூடியிருப்பான். ஜூலை மாதத்திலும் அப்படித்தான் மூடியிருப்பான்.

1994 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. சீமோன் கனடாவுக்கு வந்து இரண்டு வருடம், முயல் சுடவென்று துவக்கு வாங்கி ஐந்து நாள். மனைவி பேர்ணடெற் முயல் கறிக்கு மிளகாய்த்தூள்கூட எடுத்து வைத்துவிட்டாள். மார்க்கம் நகருக்கு வடக்கே, அறுவடை முடிந்து பனி மூடிக் கிடந்த ஒரு சோளப் பண்ணை. கூட வந்த இராசரத்தினம் காரை வீதியோரம் நிறுத்தினார்.

"கேக்காமல் உள்ளை போகாதை. உவங்கள் பொலிசைக் கூப்பிடுவாங்கள்."

காலை 7.05. வேலியடியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்றார். சிவப்புக் கட்டம்போட்ட சட்டை. கோட்டு இல்லை. சீமோனின் வாயிலிருந்து புகைபுகையாக மூச்சு வந்தது. கிழவரின் வாயிலிருந்து வரவில்லை.

முயல் சுட அனுமதி கேட்டான். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. துவக்கைத்தான் பார்த்தார்.

"இங்கே எவ்வளவு காலமாகச் சுடுகிறாய்?"

வந்த நாளிலிருந்து வேலை தேடிப் போன இடமெல்லாம் சீமோனிடம் கேட்ட கேள்வி இது. கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா? கோப்பை கழுவப் போன இடத்திலும் கேட்டார்கள். உண்மை சொன்ன ஓரிடத்திலும் வேலை கிடைத்ததில்லை. ஆகவே வாய் தன்பாட்டில் சொன்னது.

"ஏழு வருடம். இதே பண்ணை. இதே துவக்கு."

கிழவர் சிரித்தார்.

"அப்படியா... போ."

7.31. கற்குவியலின் மேல் ஒரு முயல். அசையவில்லை.

சுட்டான். டப்.

முயல் விழவில்லை. பின்னால், தூரத்தில், இன்னொரு டப். எதிரொலி என்று நினைத்தான்.

மறுபடி சுட்டான். டப்.

பின்னால்... டப். இது கிட்ட.

முயல் அவனையே பார்த்தது. பாவம் பார்ப்பதுபோல.

மூன்றாவது தரம் அவன் சுடவில்லை. விரல் விசையில்கூட இல்லை.

டப்.

காதில் நெருப்பு.

பனியில் சிவப்பு.

ஓடினான்.

"டேய், காதிலை என்னடா?" என்றார் இராசரத்தினம்.

"அந்தக் கிழவன் சுட்டவன் அண்ணை!"

"எந்தக் கிழவன்? நீ வேலித்தூணோடையெல்லோ கதைச்சுக்கொண்டு நிண்டனீ! வெடியும் ரெண்டுதான் கேட்டது."

பெற்றோல் நிலையத்தில் பஞ்சு கொடுத்த பெண் எந்தப் பண்ணை என்று கேட்டறிந்ததும் கையை எடுத்துவிட்டாள். அது கிழவர் எட்வேட்டின் பண்ணை என்றாள். 1987 டிசம்பர், ஒரு காலை. முயல் சுட வந்த எவனோ அவரைச் சுட்டுவிட்டு, கற்குவியலில் அப்படியே விட்டுப் போய்விட்டான். சிவப்புக் கட்டம்போட்ட சட்டையோடு கிடந்தாராம். சுட்டவன் அகப்படவே இல்லை.

ஏழு வருடம்.

"திருப்புங்கோ அண்ணை. நான் அப்ப யாழ்ப்பாணத்திலை. அந்தாளுக்குச் சொல்லவேணும்."

"பேய்க்கு என்னெண்டடா சொல்லுவாய்?"

"பேப்பர் கிடக்கு."

கனடாவுக்கு வந்த திகதி உள்ள பத்திரம். அதன் போட்டோக்கொப்பி எப்போதும் சட்டைப்பைக்குள் இருக்கும். 8.40க்கு அதை வேலித்தூணில் செருகினான். "சேர், நான் வந்தது தொண்ணூற்றிரண்டில். சொன்னது பொய்," என்று மூன்றுதரம் ஆங்கிலத்தில் சொன்னான். ஒருவரும் வரவில்லை. காற்றுகூட இல்லை. கொப்பி மட்டும் படபடத்தது.

பின்னேரம் காதுக்குத் தையல் போட்டு வீட்டுக்கு வந்தான். மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் இருப்புக்கொள்ளவில்லை. அதை வைத்திருந்த பெட்டி பூட்டியபடியே இருந்தது. பிளாஸ்டிக் உறையில் ஒரு கீறல்கூட இல்லை.

உள்ளே பத்திரம். பெயர் இருந்தது. படம் இருந்தது. வந்த ஆண்டு இருந்த இடத்தில், துவக்கு ரவை அளவில் ஒரு துளை.

விரலை வைத்துப் பார்த்தான்.

விளிம்பு இன்னும் சுட்டது.