கடைசிப் பக்கத்தில் வான்கோழி

கார்வெல் ஊரின் செய்தித்தாளில் இரங்கல் குறிப்பு எழுதுவதும் கூடைப்பந்து ஆட்டத்துக்கு முன்னோட்டம் எழுதுவதும் ஒரே ஆள்தான்: மார்லீன் ஹூக்ஸ்ட்ரா. இரண்டும் ஒரே வேலை என்பது அவள் கருத்து. ஒன்று இனி நடக்காததைப் பற்றியது, மற்றது இன்னும் நடக்காததைப் பற்றியது. இரண்டிலும் சம்பந்தப்பட்டவரைக் கேள்வி கேட்க முடியாது. கல்லறைப் பக்கத்திலிருந்து அவளைப் பற்றிப் புகார் வந்ததில்லை. கூடைப்பந்துப் பக்கத்திலிருந்து வாராவாரம் வந்தது.

நவம்பர் பிறந்து சோளக்காடெல்லாம் மொட்டையாகிவிட்டால் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பேசக் கூடைப்பந்தை விட்டால் வேறு விஷயம் கிடையாது. அந்த ஆண்டு கார்வெல் கல்லூரி அணி நாட்டின் தரவரிசையில் ஒன்பதாவது. பருவம் தொடங்கிய இரண்டாம் வாரமே பதினான்காம் இடத்திலிருந்த ஆஷ்டன் ஹில் அணி அங்கே ஆட வந்தது. இதுவரை இரண்டு அணிகளும் யாரோ ஏழைக் கல்லூரிகளைக் கூப்பிட்டு வைத்து அடித்திருந்ததால், ஒன்பதும் பதினான்கும் என்ன அர்த்தத்தில் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் எல்லோரும் அவ்வளவு உறுதியாகப் பேசினார்கள்.

மார்லீனுக்கு மட்டும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. மனசு, பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்திருந்தது. தொட்டால் தன்னுடையது என்று தெரிகிறது, அவ்வளவுதான். ஏப்ரல் முதலே அப்படி.

ஏப்ரலில்தான் டாரியன் மேபெரி போனான். தெற்கே மெம்ஃபிஸ் நகரத்துக்காரன். கார்வெலில் இரண்டு ஆண்டு ஆடினான். வீட்டைவிட்டுத் தொலைவில் வந்த ஆட்டக்காரர்களை ஊர்க் குடும்பங்கள் ஆளுக்கொருவராகப் பங்கிட்டுக்கொண்டு ஞாயிறு மதியம் சோறு போடுவது கார்வெல் வழக்கம். டாரியன் மார்லீன் வீட்டுப் பங்கு. இரண்டு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் அவன் அவர்கள் மேஜையில் உட்கார்ந்து, மார்லீனின் கிரேவியைக் கரண்டியால் தள்ளிவைத்து, "மிஸ் மார்லீன், இதக் கண்டுபிடிச்சவன் யாருன்னு சொல்லுங்க, போலீஸ்ல சொல்லிடுறேன்" என்பான். அவள் கணவன் வெண்டல், ஓய்வுபெற்ற விதை வியாபாரி, ஒவ்வொரு முறையும் முதன்முறை கேட்பதுபோல் சிரிப்பான்.

இப்போதெல்லாம் வசந்தம் வந்தால் ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறலாம். போட்டி விதியே இடம் கொடுக்கிறது. டாரியன் மாறினான். கைபேசியில் செய்தி வந்தது: "நன்றி மிஸ் மார்லீன். எனக்கு இதுதான் நல்லதுன்னு தோணுது. வெண்டல் சார்கிட்ட சொல்லிடுங்க." கூடவே ஒரு மஞ்சள் இதயம். மார்லீன் சொன்னாள். வெண்டல் எழுந்து போய்ப் புல்வெட்டும் இயந்திரத்தைக் கழற்றிப்போட்டான். மறுபடி மாட்டவில்லை. அதன்பின் அவன் வாயில் டாரியன் என்ற பெயர் வரவில்லை. "அந்தப் பய" என்றான், அதுவும் தொலைக்காட்சியைப் பார்த்து.

டாரியன் போன இடம் ஆஷ்டன் ஹில்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் காலையில் பத்திரிகை ஆசிரியர் ராய் லின்ட்குவிஸ்ட் அவள் மேஜைக்கு வந்து நின்றான். கையில் கடைசிப் பக்கத்தின் மாதிரி. பக்கம் முழுக்க இரண்டே சொல்: யாரு அவன்?

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கார்வெல் அரங்கில் எதிரணிக்காரர்களின் பெயரை ஒலிபெருக்கி அறிவிக்கும்போது, மாணவர் பகுதி மொத்தமும் எழுந்து நின்று செய்தித்தாளை அகல விரித்து முகத்தை மறைத்துக்கொள்ளும். உன்னைவிட எனக்குப் பேப்பர் முக்கியம் என்று பொருள். ஒவ்வொரு பெயருக்கும் தாளுக்குப் பின்னாலிருந்து "யாரு அவன்?" என்று ஒரே குரலில் கத்தும். எல்லாப் பெயரும் முடிந்ததும் தாளைக் கிழித்து எறியும். அதற்காகவே ராய் அன்றைக்கு அதிகமாக அச்சடிப்பான். ஊரில் அந்தத் தாளை வாங்க ஆளிருந்தது இந்த ஒரு காரணத்துக்காக என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும்.

"ஒவ்வொரு வருஷமும் வாயால கத்துறாங்க. இந்த வருஷம் பேப்பரே கத்தும்" என்றான் ராய். "அந்தப் பய தலை நிமிந்தா இதத்தான் பாக்கணும். உன் முன்னோட்டத்தக் கீழ சின்னதா போட்டுடலாம்."

மார்லீன் அதைப் பார்த்தாள். கோபம் வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. ஆனால் அந்தப் பக்கம் தன் பெயரோடு, ஆயிரம் கைகளில், டாரியன் முகத்துக்கு நேராக நிற்கக் கூடாது என்பது மட்டும், பால் வாங்க மறக்கக் கூடாது என்பதைப்போல, தெளிவாக இருந்தது.

"அவன் யாருன்னு எனக்குத் தெரியும், ராய்."

"ஊருக்கே தெரியும். அதுதானே கிண்டல்!"

"என் பேரு அதுக்குக் கீழ வந்தா நான் எழுதல. நீயே எழுதிக்கோ."

ராய்க்கு எழுத வராது. திருத்த மட்டும்தான் வரும். போன முறை அவள் காய்ச்சலில் படுத்தபோது அவன் எழுதிய முன்னோட்டத்தில் ஐந்து பேர் ஆட வேண்டிய கார்வெல் அணிக்கு ஆறு பேரை இறக்கியிருந்தான்.

"இப்படி மிரட்டுனா எப்படி மார்லீன்? பசங்க எதையாவது விரிச்சுப் பிடிக்கணும்ல!"

"பிடிக்கட்டும். முன்னோட்டத்த நடுப்பக்கத்துல, ரெண்டு பக்கமும் சேத்துப் போடு. வான்கோழியக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளு."

வான்கோழி என்பது, வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கும் நன்றி நாளுக்கான ஹெல்மர் மளிகைக்கடை விளம்பரம். ஹெல்மர் இரண்டு வாரமாகக் கடைசிப் பக்கம் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். ராய் தாடையைத் தடவினான்.

"உனக்கு வெக்கமா? கடைசிப் பக்கம் வேணாங்கிற, நடுப்பக்கம் மட்டும் ரெண்டு வேணுமாம்."

"வயசாகுது. எழுத்து பெருசா இருந்தாத்தான் கண்ணு தெரியுது."

ராய் போனான். தாளை விரித்துப் பிடிப்பவன் முகத்துக்கு நேராக வருவது நடுப்பக்கம் என்பதை அவன் யோசிக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் யாரும் தாளை அப்படிப் பிடித்துப் பார்ப்பதில்லை.

மதியம் உட்கார்ந்து எழுதினாள். இரங்கல் குறிப்பு எழுதும் கையாலேயே. ஆஷ்டன் ஹில்லின் மைய ஆட்டக்காரர் நல்ல உயரம், ஆனால் அவருக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். கார்வெலின் மாற்று ஆட்டக்காரர்கள் பலவீனம். எதிர்பார்ப்பு: கார்வெல் ஒரு புள்ளியில் தோற்கும். கார்வெல் வெல்லும் என்று எழுதினால் கண்பட்டுவிடும்; ஊர் வழக்கத்தில் அது குற்றம். அப்படி எழுதிய ஒருவர் ஊரைவிட்டே டெமாய்ன் நகரத்துக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள். பிறகு இப்படி:

"டாரியன் மேபெரி. முன்கள ஆட்டக்காரர். வலது பக்கம் போவதுபோல் காட்டி இடது பக்கம் போவார், எப்போதும் இடதுதான். கிரேவி சாப்பிட மாட்டார். ஃப்ரீ த்ரோ எறிவதற்கு முன்னால் உதடு அசைவது பிரார்த்தனை இல்லை, தங்கைகளின் பெயர்கள். தோற்ற வாரம் வந்தால் சாப்பிட்டு முடித்ததும் எல்லோருடைய பாத்திரத்தையும் கழுவுவார். வென்ற வாரம் தன் தட்டைக்கூடத் தொட மாட்டார். எதிரணிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. யார் என்று கேட்பவர்களுக்காக."

மறுநாள் காலை உணவின்போது வெண்டல் நடுப்பக்கத்தை விரித்துப் படித்தான். படித்துவிட்டு மறுபடி அதே பத்தியைப் படித்தான்.

"இடது பக்கம்னு போட்டுக் குடுத்துட்டியே. நம்ம பசங்க அங்கயே போயி நிப்பானுங்க."

"நிக்கட்டும்."

"அப்ப அந்தப் பய மேல கோபமா இருக்க."

"அப்படியா?"

"ஆனா பாத்திரத்த ஏன் எழுதின?"

"கழுவினான்ல."

வெண்டல் அவளை உற்றுப் பார்த்தான். "கோபமா பாசமா, ஒண்ணச் சொல்லு."

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா, வெண்டல்? முட்டை ஆறுது."

மாலையில் அரங்கு நிரம்பி வழிந்தது. மார்லீன் தளத்தை ஒட்டிய பத்திரிகையாளர் மேஜையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் வெண்டல், இழவு வீட்டுக்கு வந்தவன்போலக் கைகட்டி. விளக்குகள் பாதி மங்கின. எதிரணியின் முதல் பெயர் அறிவிக்கப்பட்டதும் மாணவர் பகுதி எழுந்தது, தாள்கள் விரிந்தன. ஆயிரம் வான்கோழிகள், உரித்த நிலையில், தளத்தைப் பார்த்துக் கால் நீட்டிப் படுத்திருந்தன.

"யாரு அவன்?"

கூரை அதிர்ந்தது. இரண்டாவது பெயர், மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றுக்கும் கூரை அதிர்ந்தது. ராய் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து வான்கோழிகளை வெறித்துக்கொண்டிருந்தான்.

"ஐந்தாவதாக, மெம்ஃபிஸிலிருந்து, டாரியன் மேபெரி!"

கத்தினார்கள். இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ஒழுங்காக வரவில்லை; முன்னால் சிலர், பின்னால் சிலர், நடுவில் ஒரு ஓட்டை. பெயர்களுக்கு இடையே ஒலிபெருக்கிக்காரர் எடுத்துக்கொண்ட நேரத்தில், படிப்பதுபோல் நடித்தவர்களில் சிலர் வேறு வழியில்லாமல் படித்துவிட்டார்கள். அந்த ஓட்டையில் யாரோ ஒருத்தி தெளிவாகக் கத்தினாள்:

"பாத்திரம் கழுவுறவன்!"

சிரிப்பு வரிசை வரிசையாக இறங்கியது. டாரியன் வெளிச்ச வட்டத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தான். வான்கோழிகளைத்தான் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. தன் அணியினரின் கைகளைத் தட்டிவிட்டு, வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு மேஜைப் பக்கமாக ஓடிவந்தான்.

"வான்கோழியா, மிஸ் மார்லீன்?"

"ஹெல்மரோட விளம்பரம். நல்லாயிருக்கியா?"

"இருக்கேன். வெண்டல் சார் என்னப் பாக்க மாட்டேங்கிறாரே?"

"பாத்துக்கிட்டுதான் இருக்காரு. அவரு பாக்கிற விதம் அது." அவள் பேனாவைத் திறந்தாள். "இடது பக்கம் போகாத. எழுதிட்டேன்."

அவன் சிரித்தான். பழைய சிரிப்புத்தான். அவள் மனசு ஊசி போட்ட கன்னமாகவே இருந்தது.

பந்து மேலே போனது. ஆஷ்டன் ஹில் கையில் விழுந்தது; டாரியனிடம் வந்தது. அவனைத் தடுத்த கார்வெல் பையன் முன்னோட்டத்தைக் கவனமாகப் படித்திருந்தான். இடது பக்கம் போய்ச் சுவர்போல நின்றான். டாரியன் வலது பக்கம், யாருமே இல்லாத வழியில், நடந்துபோவதுபோலப் போய்ப் பந்தைக் கூடைக்குள் வைத்துவிட்டு வந்தான்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. ஏப்ரலிலிருந்து அடைத்துவைத்த குரல்.

"டாரியன்! ஏமாத்துக்காரா! யாருடா சொல்லிக் குடுத்தான் உனக்கு?"

அரங்கே திரும்பிப் பார்த்தது. வெண்டல் எழுந்து நின்றிருந்தான், கைகட்டு அவிழ்ந்திருந்தது. ராய் மார்லீன் பக்கம் சாய்ந்தான்.

"எப்போதும் இடதுதான்னு எழுதியிருந்தியே."

"எழுதினேன்."

அவள் குனிந்து தாளில் குறித்தாள்: ஆஷ்டன் ஹில் 2, கார்வெல் 0. மேபெரி. வலது பக்கம். நாளைக்குத் திருத்தம் போட வேண்டும் என்று நினைத்தாள். வருத்தமாக இல்லை, சந்தோஷமாகவும் இல்லை. பேனா முனை மட்டும் வலது என்ற சொல்லின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. அதற்குள் கார்வெல் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது, அவள் பார்க்கவில்லை.