மைக்செட் அண்ணனும் பச்சைப் பூவும்

மொத்த மார்க்கெட்டில் தக்காளி ஏலம் விடுகிறவருக்கு மைக்செட் அண்ணன் என்று பேர். மைக் அவரிடம் கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. விடியலில் அவர் "ஒரு தரம்" என்றால் லாரிக்கடியில் படுத்திருக்கும் நாய் எழுந்து வேறு இடம் பார்க்கும். கத்துவதே பிழைப்பானதால் ரத்தக் கொதிப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. மாதாமாதம் டாக்டர் அளந்து பார்த்து மாத்திரை கொடுப்பார், பிழைப்பு ஓடியது.

மருத்துவமனை நிர்வாகத்துக்கு இது பொறுக்கவில்லை. நோயாளிகள் டாக்டரையே நம்பிச் சோம்பேறிகளாகிறார்களாம். 'உங்கள் நலம் உங்கள் கையில்' என்று போனில் ஒரு செயலியை ஏற்றி, கையில் சுற்ற ஒரு பட்டையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இனி செயலி சொன்னால்தான் டாக்டர்.

செயலி மகா பண்பானது. கொதிப்பு ஏறியிருந்தால், "பதற்றமாக இருக்கிறீர்கள். அமைதியானபின் அளக்கவும்" என்று சொல்லி, அந்த அளவை எழுதிக்கொள்ளாமல் விட்டுவிடும்.

"எவன்டா பதட்டமா இருக்கான்?" என்று அண்ணன் போனைப் பார்த்துக் கத்துவார். கொதிப்பு இன்னும் ஏறும்.

பிறகு என்ன மாயமோ, திரையில் தினமும் பச்சைப் பூ பூத்தது, கைதட்டல் கேட்டது. பகலில் தான் அசந்து தூங்கும்போது மனைவி அளந்துவிடுகிறாள் போலிருக்கிறது என்று அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் செயலி, "வாழ்த்துகள்! இனி மாத்திரை தேவையில்லை" என்றது. மருந்துக் கவுண்டரில் கையை விரித்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் பிடரி விண்விண்ணென்று தெறித்தது. ஏலத்தில் ஒரு கூடை இரண்டாகத் தெரிந்தது.

"மண்டை வெடிக்குதுடி. இது எப்படிப் பூ பூக்குது?"

மனைவி அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "அது என் கைங்க."

"என்னது?"

"அளக்கலைன்னா அந்தப் போன் கூவிக்கிட்டே கிடக்குது. ஒரு வீட்டுல ரெண்டு மைக்செட்டை எவ தாங்குவா? என் கையைக் குடுத்தேன், வாயை மூடிக்கிச்சு. திட்டறதை அப்புறமா திட்டுங்க, இப்ப சட்டையைப் போடுங்க."

மருத்துவமனை முகப்பில் இருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க ரெக்கார்டு சூப்பரா இருக்குண்ணே. சிவப்பு வந்தாத்தான் டாக்டரைப் பார்க்க முடியும்."

"சிவப்பு வந்தா உங்க மெஷின் எழுத மாட்டேங்குதேம்மா! அந்தப் பச்சை இவ கை!"

"அப்ப செயலியில புகார் போடுங்க."

"என் கை இங்க இருக்கு. பட்டை அங்க தொங்குது. கட்டிப் பார்த்தா என்ன குறைஞ்சிடும்?"

"சிஸ்டம் விடாதுண்ணே."

கல்யாணமான நாளிலிருந்து 'மெதுவாப் பேசுங்க' என்றே சொல்லி வந்த மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "இன்னைக்குக் கத்துங்க."

அண்ணன் கூடத்தின் நடுவில் போய் நின்றார்.

"கேட்டுக்கங்க! ஒரு மனுஷனோட ரத்தக் கொதிப்பு! நல்லாப் பழுத்த சரக்கு, வெடிக்கிற பதம்! அளந்து பார்க்க ஆளிருக்கா? ஒரு தரம்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ரெண்டு தரம்!"

மூன்றாவது தரத்துக்குள் டாக்டர் டீ கப்போடு ஓடிவந்தார். நர்ஸ் பட்டையைக் கட்டினாள். எண்ணைப் பார்த்ததும் சக்கர நாற்காலியை இழுத்துவந்தாள்.

"மாத்திரையை யார் நிறுத்தினது?" டாக்டர் கேட்டார்.

முகப்புப் பெண் கணினியைக் காட்டினாள். திரையில் பச்சைப் பூ பூத்திருந்தது.

"இனி ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று அண்ணனுக்கு உத்தரவாயிற்று.

பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் தன் போனை நீட்டினார். பச்சைப் பூ. "எனக்கும் காலெல்லாம் வீங்கிக் கிடக்கு. எனக்கும் ஒரு தரம் சொல்லுப்பா."

அண்ணன் வாயைத் திறந்தார். நர்ஸ் முறைத்தாள்.

மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடத்தைப் பார்த்து நின்றாள்.

"ஒரு தரம்!"