அமைச்சர் ஏன் பேசாமல் போனார்

அந்த அரசியல் தொடர் எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பற்றி ஒரு புத்தகம் வருகிறது என்று தெரிந்ததும் முன்பதிவு செய்துவிட்டேன். அருமனையில் எங்கள் தெருவில் அந்தத் தொடரைப் பார்க்காத வீடு கிடையாது. ஆனால் எனக்குப் புத்தகம் வேண்டியிருந்தது ஒரே ஒரு காட்சிக்காக.

கட்சிச் செயற்குழுவில் அமைச்சர் மீது பழி சுமத்துகிறார்கள். அது பொய் என்று பார்க்கிற நமக்குத் தெரியும். அவர் எழுந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்விடுகிறார். மறுநாள் டீக்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் அதே பேச்சாக இருந்தது.

புத்தகத்தில் இயக்குநர் சொல்வது வேறு. இரண்டு பக்க வசனம் எழுதிக் கொடுத்திருந்தாராம். விளக்குச் சூட்டில் வேர்த்துக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட, நடிகர் அதைக் கழற்றினார், வசனம் மறந்துபோயிற்று, படப்பிடிப்பு நின்றுவிட்டது என்று நினைத்து டீ குடிக்கப் போய்விட்டார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அதே புத்தகத்தில் நடிகரின் பேட்டியும் இருக்கிறது. வசனம் பிடிக்காததால் வேண்டுமென்றேதான் பேசவில்லை என்கிறார். படத்தொகுப்பாளரோ, முதல் முறை தற்செயலாக நடந்தது, நாம் பார்த்தது அதையே திரும்பச் செய்யச் சொல்லி எடுத்தது என்கிறார். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தவர்கள். ஓரத்தில் பென்சிலால் குறியிட்டு முன்னும் பின்னும் புரட்டினேன். ஒன்றும் பொருந்தவில்லை.

இதில் எனக்கு என்ன என்று கேட்கலாம். நானும் ஒருமுறை அப்படி எழுந்து போனவன்.

அப்போது நான் எங்கள் திருச்சபையின் செயலாளர். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று ஆலய வளாகத்தில் நின்ற அயினி மரத்தை வெட்டினோம். கமிட்டியைக் கேட்காமல் நானே வெட்டச் சொன்னதாகப் பொதுக்கூட்டத்தில் பழி வந்தது. வெட்டுவதென்று முடிவெடுத்தது கமிட்டிதான். மரத்தை வெட்டலாம் என்று முதலில் சொன்னவர் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் ஒரு கமிட்டி உறுப்பினர். தலையைக் குனிந்தபடி அவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதை நான் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் எழுந்தேன், கண்ணாடியைக் கழற்றினேன், வெளியே வந்துவிட்டேன். பிறகு பதவியையும் விட்டேன். அந்தக் காட்சி ஒளிபரப்பாகி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அதன்பின் ஊரில் எனக்கு மரியாதை கூடியது. இந்த வருடம் சபைத் தேர்தலில் என்னையே மறுபடி நிற்கச் சொல்கிறார்கள். ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் புத்தகத்தைப் படித்தபின் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. நான் எதற்காகப் பேசாமல் வந்தேன்?

பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். அன்று மழை பெய்ததை எழுதியிருக்கிறேன். மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும் சாப்பிட்டதை எழுதியிருக்கிறேன். "கூட்டத்திலிருந்து எழுந்து வந்தேன்" என்றும் இருக்கிறது. காரணம் இல்லை. மனைவியிடம் கேட்டேன்.

"வாசல்ல நின்னு நாந்தான வாங்கன்னு கையக் காட்டினேன்" என்றாள். "உங்க மூஞ்சி வெளிறிப்போய் இருந்துச்சு. மயங்கி விழுந்துருவியளோன்னு பயந்தேன்."

"நான் உன்னப் பாக்கவே இல்லியே."

"பாக்காமத்தான் நேரா எங்கிட்ட வந்தியளாக்கும்?"

"அப்ப கண்ணாடி?"

"கண்ணாடியா? வேர்த்து ஒழுகிச்சு, கழத்தினிய. போங்க, போய் வேற சோலி இருந்தா பாருங்க."

மறுநாள் மாலை ரப்பர் வியாபாரி வந்தார். இப்போது எனக்காக வீடு வீடாக ஆதரவு கேட்பவர் அவர்தான்.

"வோய், இந்தத் தடவ நீருதான் செயலாளரு. எதுத்து நிக்க ஒருத்தனும் இல்ல பாத்துக்கிடும்."

"எனக்கு எதுக்கு ஓட்டு போடுவாங்க?"

"இது என்ன கேள்வி? அன்னைக்கு வாயத் தொறக்காம எறங்கிப் போனீரே, உம்மகிட்ட டிவி மந்திரி தோத்தாம்லா! எம் பெஞ்சாதி இப்பவும் என்னக் குத்திக்காட்டுவா, அந்த மனுசனப் பாத்துப் படியும்னு."

"நிக்கதுக்கு முன்ன, மரத்த வெட்டணும்னு சொன்னது யாருன்னு சபைல சொல்லிரலாம்னு பாக்கேன்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அது இப்பம் எதுக்குவோய்? மரமும் போச்சு, வெறகும் எரிஞ்சு போச்சு. சொல்லப்பிடாது. சொன்னா நீரும் எங்கள மாதிரி ஒரு ஆளுன்னு ஆயிரும். சொல்லாம இருந்ததுக்குத்தான் ஓட்டே."

தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னாரா, என் வெற்றிக்காகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எதுக்கு எறங்கிப் போனேன்னு எனக்கே தெரியல. அதுக்கு எப்பிடி ஓட்டு வாங்குவேன்?" என்றேன்.

"மந்திரிக்கு மட்டும் தெரிஞ்சிருக்குமாக்கும்? அந்தத் தொடர் ஓடல்லியா?"

அவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததுகூட இல்லை.

"நாளைக்குப் பேரு குடுக்கணும். குடுக்கட்டா?"

வேண்டாம் என்று சொல்லலாம். சரி என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. இரண்டையும் நம்ப முடியவில்லை. எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து எழுந்தார்.

"ஆங், இதான்வோய். இப்பிடியே இருந்தாப் போரும்."

மறுநாள் அவரே என் பெயரைக் கொடுத்துவிட்டார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிவில் போதகர் புதிய செயலாளர் என்று என் பெயரை வாசித்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். எழுந்தேன். மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. வியாபாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் பக்கத்திலிருந்து என் மனைவியும். நன்றி என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கைதட்டினார்கள்.