"பாக்கலாமுங்க" என்றால் என்ன?

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை என்றால், இரண்டு பேரைப் பேசவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டிருப்பது. காதில் கருவி மாட்டிப் பிழைத்த எந்த ஆபரேட்டருக்கும் அந்த அவஸ்தை தெரியும். அறுபதுகளில் திருநெல்வேலியிலிருந்து திருப்பூருக்கு மாற்றலாகி வந்த எனக்கு இன்னொன்றும் சேர்ந்தது: இந்த ஊர் மரியாதை.

நீங்க சொல்லுங்க

பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் காங்கேயத்துக்கு ட்ரங்க் கால் போட்டார். அவர் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குச் சம்மதமா என்று தெரிய வேண்டும். "சௌக்கியமுங்களா", "அங்க மழை உண்டுங்களா" என்றே நேரம் கரைந்தது. பிறகு, "நீங்க சொல்லுங்க", "இல்லீங்க, நீங்க சொல்லுங்க." கட்டணத்துக்கு உரிய மூன்று நிமிஷம் முடிகிறது என்று சொல்லக் குறுக்கே வந்த நான், "காங்கேயம், நீங்களே முதல்ல சொல்லிருங்க" என்றுவிட்டேன். காங்கேயத்துக்காரர் உடனே சொல்லிவிட்டார்: "எங்களுக்குப் பரம சம்மதமுங்க!" முதலாளி என்னிடம் சொன்னார்: "அம்மிணி, முதல் பத்திரிகை உங்களுக்குத்தானுங்க!"

பாக்கலாமுங்க

லைன் இரைந்தால் இருபக்கப் பேச்சையும் நாங்களே வாங்கிச் சொல்வோம். தீபாவளிக்குள் சரக்கு வருமா என்று மதுரை ஜவுளிக்கடைக்காரர் கேட்டார். இங்கே கம்பெனி மேனேஜர், "பாக்கலாமுங்க" என்றார். அப்படியே சொன்னேன். "சந்தோஷம்! அப்ப வேற யாருகிட்டயும் கேக்கலை" என்றார் மதுரைக்காரர்.

அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்குத் தெரியும். வந்த புதிதில் நான் வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தபோது எல்லாரும் "பாக்கலாமுங்க" என்றுதான் சொன்னார்கள். ஒரு வீடும் கிடைக்கவில்லை.

மேனேஜரிடமே கேட்டேன்: "அவங்க உங்களையே நம்பிட்டாங்க. வருமா, வராதா?"

"வராதுங்க. மூஞ்சில அடிச்சாப்பல எப்புடீங்க சொல்றது? பொங்கலுக்குன்னா தாராளமாத் தரலாம்."

அதையே மதுரைக்குச் சொன்னேன். தீபாவளிக்கு வேறிடம் பார்த்துக்கொள்கிறேன், பொங்கல் சரக்கு முழுக்க உங்களிடம்தான் என்று பதில் வந்தது. மேனேஜருக்கு நம்பவே முடியவில்லை. "முடியாதுன்னு சொல்லி ஆர்டர் வாங்குனது இன்னிக்குத்தானுங்க!"

ஒண்ணுமில்லீங்க

தையல்காரர் ஒருவர் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டைக் கேட்டார். கால் பதிவு செய்யும்போதே, எப்போது கிடைக்கும் என்று மூன்று தரம் கேட்டார். நர்ஸ் வந்து, "என்ன வேணும்?" என்றார். "ஒண்ணுமில்லீங்க... சும்மாதானுங்க." "அப்ப வைக்கிறேன்" என்றார் நர்ஸ் சலிப்போடு. நான் குறுக்கே புகுந்தேன்.

"சிஸ்டர், வச்சிராதீங்க! இவர் சம்சாரம் அங்க இருக்காங்க போல. சார், அவங்க பேரை மட்டும் சொல்லுங்க."

"சரசுவதிங்க."

நர்ஸ் உள்ளே போய் வந்தார். இப்போது குரலே வேறு: "பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

தையல்காரர் விம்மியது கேட்டது. அப்புறம் சிரித்தார். "இதத்தானுங்க கேக்க வந்தேன்!"

திருப்பூர்க்காரர்கள் சொல்வதைக் கேட்க டெலிபோன் போதும், சொல்லாததைக் கேட்கத்தான் ஆபரேட்டர் வேண்டியிருந்தது.