வாசல் மேலேயா, கீழேயா

எங்களுக்குக் கிடைத்த மனை சாய்ந்து கிடந்தது.

தஞ்சாவூர்ச் சீமையில் சாய்ந்த மனை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தாம்பாளம் மாதிரி கிடக்கும் ஊர். ஆனால் வாய்க்காலைத் தூர் வாரும்போதெல்லாம் அள்ளிய மண்ணை ஒரே இடத்தில் கொட்டிக் கொட்டி, அது கரைப் பாதைக்குச் சமமாக மேடேறி, அங்கிருந்து வயல் வரைக்கும் சரிந்து இறங்கியிருந்தது. அந்தச் சரிவுதான் எங்கள் மனை.

குடியிருக்கும் இடம் குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்ட காலம் அது. நாங்கள் குடியிருந்தது மிராசுதாரின் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால். அந்த இடத்தை விட அவருக்கு மனசில்லை. கொடி, கூட்டம், நடவுக்கு யாரும் இறங்காமல் நின்றது, போலீஸ் வண்டி வந்து போனது, எல்லாம் முடிந்த பிறகு, கொட்டகை இடத்துக்குப் பதிலாகக் கரைச் சரிவை எழுதித் தருகிறேன் என்று அவர் இறங்கி வந்தார். சரிவாக இருந்தாலும் சொந்தம். அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே பட்டா.

தம்பி என் வீட்டுக்காரர். அண்ணன் எனக்கு மச்சாண்டார் முறை. அவரிடம் நான் பேசக்கூடாது, எதிரில் நிற்கக்கூடாது, அவர் வந்தால் உள்ளே போய்விட வேண்டும். எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டிக்கு அதுதான் வழக்கம். மற்ற வீடுகளில் அது கொஞ்சம் தளர்ந்து போயிருந்தது. எனக்குப் பிறவியிலேயே கூச்சம் என்பதால் எங்கள் வீட்டில் இன்னும் இறுகிப் போயிருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் மனைவியிடம் சொல்வேன். அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா இல்லாவிட்டால் கோழியிடம் சொல்வேன்.

“கோழியே, சோறு வடிச்சாச்சு, சாப்பிட வரச் சொல்லு.”

மச்சாண்டாரும் முறை தெரிந்தவர். “கோழியே, கை கழுவிட்டு வர்றேன்னு சொல்லு” என்பார்.

வீட்டுத் திட்டத்தை அவர்தான் போட்டார். மனைக்குக் குறுக்கே ஒரு சுவர். மேல் பாதி மூத்தவருக்கு, கீழ்ப் பாதி இளையவருக்கு. இரண்டு குடும்பமும் பாதைப் பக்கமாகவே வர வேண்டும், போக வேண்டும். கீழ்வீட்டுக்காரர்கள் மேல்வீட்டின் ஓரமாக விட்ட நடை வழியாக ஏறி வர வேண்டும்.

அண்ணனும் தம்பியும் எதிலும் ஒத்துப்போகாதவர்கள். அண்ணன் செங்கொடி. தம்பி கறுப்பு சிவப்பு. ஆனால் வாசல் விஷயத்தில் மட்டும் ஒரே பேச்சு.

“இத்தன வருஷம் சாணியைத் தாண்டித் தாண்டி வீட்டுக்குள்ள பூந்தோம். இனிமே நம்ம வாசல் ரோட்டைத்தான் பார்க்கணும்ண்ணே” என்றார் இவர்.

“பின்ன? ரோட்டுல போறவன் நம்ம வாசலைப் பார்த்துட்டுப் போகணும்டா” என்றார் அவர்.

அதற்குள் இவருக்கு இன்னொன்று உறைத்தது. “ஏண்ணே, உன் கொடி மேட்டுல நிக்கும், என் கொடி பள்ளத்துல நிக்குமா?”

“நீ நீள மூங்கிலா நட்டுக்க.”

“எவ்வளவு நீளம்ணே வைக்கிறது?”

“உங்க ஆட்சிதானேடா, மனு குடுத்து வாங்கிக்க.”

இவர் உண்மையாகவே மூங்கில் தேடப் போனார்.

என் கவலை வேறு. மச்சாண்டாருக்கு வேலை இல்லாத நேரமெல்லாம் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட வேண்டும். அவர் உட்காருகிற இடமும் என் நடை முடிகிற இடமும் ஒன்றுதான். அவர் அங்கே இருந்தால் நான் தண்ணீருக்குப் போக முடியாது, விறகுக்குப் போக முடியாது, ஆட்டை அவிழ்க்க முடியாது. சொந்த மனையில் கட்டிய சொந்த வீட்டுக்குள் காலம் பூரா அடைபட்டுக் கிடப்பேன். எனக்குக் கீழே வயல் பக்கமாக ஒரு வாசல் வேண்டும். அவ்வளவுதான்.

இவரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “அந்த வயலு யாருது? மிராசுதாருது. அவரு வயலைப் பார்த்து நாம வாசல் வைக்கிறதா? இதுக்கா கொடி புடிச்சோம்?” என்றார்.

அந்த வீட்டில் அஞ்சாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் வீட்டுப் படத்தைச் சிலேட்டில் வரைகிற வேலை எனக்கு வந்தது. நான்கு தடவை வரையச் சொன்னார்கள். நான்கு தடவையும் கீழ்ச்சுவரில் ஒரு விரல் அகலத்துக்குக் கோட்டை விட்டுவிட்டு வரைந்தேன். ஒவ்வொரு தடவையும் இவர் கேட்டார், “இங்க என்ன ஓட்டை?” குச்சி ஒடிந்துவிட்டது என்றேன். நாலாவது தடவை, “உன் குச்சி ஒரே எடத்துலதான் ஒடியுமா?” என்று கேட்டுவிட்டு, குச்சியை வாங்கி எச்சில் தொட்டு அவரே கோட்டைச் சேர்த்துவிட்டார்.

சிலேட்டில் பார்த்தால் வசதி தெரியாது, ஆள் புழங்கிப் பார்த்தால்தான் தெரியும் என்றார் மச்சாண்டார். நெல் தூற்றி முடித்துக் காலியாகக் கிடந்த களத்தில் உமியும் சாம்பலும் கலந்து, வீட்டை முழு அளவுக்குக் கோடு போட்டார்கள். சுவர், நடை, வாசல், அடுப்படி எல்லாம் விரல் உயர உமிக் கோடு. அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டு குடும்பமும் அதற்குள்ளேயே புழங்கிப் பார்ப்பது என்று ஏற்பாடு.

அக்கா தன் அடுப்படியில் மூன்று செங்கல் வைத்து உண்மையாகவே உலை ஏற்றிவிட்டார். நானும் என் பக்கத்தில் ஏற்றினேன். மச்சாண்டார் தன் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். இவர் வெளியே போய்விட்டு வந்தவர், நேராக என் பக்கம் நடந்து வந்தார்.

“டேய்! சுவத்துக்குள்ள பூந்து வர்றியே, வாசல் எங்க இருக்கு?” என்று அதட்டினார் அண்ணன். இவர் திரும்பிப் போய் நடை வழியாகச் சுற்றி வந்தார். எங்கள் ஆடு மட்டும் மூன்று சுவரைத் தாண்டிப் போய் அக்காவின் உலையில் மூக்கை விட்டது. கோழிகள் நடுச்சுவரைக் கிளறிக்கொண்டிருந்தன.

எனக்குத்தான் கஷ்டம். சுவர் இருக்கிறது என்று நினைத்தால் சும்மா நிற்கலாம். இல்லை என்று நினைத்தால் மச்சாண்டார் கண்ணெதிரே நிற்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டே சமைத்தேன். உலையில் தண்ணீர் சுண்டிவிட்டது. குடத்திலும் இல்லை. தண்ணீருக்குப் போக வேண்டுமென்றால் நடை வழியாக அவர் முன்னால் போக வேண்டும். போகவில்லை. சோறு அடிப்பிடித்துப் புகைய ஆரம்பித்தது.

“எங்கயோ சோறு தீயுதே” என்றார் மச்சாண்டார், வயலைப் பார்த்துக்கொண்டு.

“உங்களுக்கு ஆறு அடி தள்ளித்தான் தீயுது. அவ உள்ள இருக்காளா பாருங்க” என்றார் அக்கா.

“எனக்கு எப்படித் தெரியும்? நடுவுல சுவரு இருக்குல்ல?”

அன்று சாயங்காலம் ஆண்கள் இரண்டு பேரும் உமியைக் கூட்டி அள்ளிக்கொண்டே, வீடு ரொம்ப வசதியாக இருக்கிறது என்று முடிவு சொன்னார்கள். தீய்ந்த பானையை நான் ஓரமாக உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன்.

களம் சமதரை, மனை சரிவு என்பது மறுநாள் மனையில் கயிறு கட்டிய பிறகுதான் அவர்களுக்கு நினைவு வந்தது. மச்சாண்டாரின் கூடத்தில் வைத்த செம்பு உருண்டு வந்து என் அடுப்படியில் நின்றது. அவர் வந்து எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் வைத்தார். மறுபடியும் வந்தது.

“மட்டம் பண்ணணும்டா” என்றார்.

எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த மட்டம் ஒன்றுதான். வயலில் வரப்புக் கட்டித் தண்ணீர் விடுவார்கள். தண்ணீர் நிற்கிற இடம் பள்ளம், மண் தெரிகிற இடம் மேடு. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட்டால் தீர்ந்தது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் ஊரான் வயலையெல்லாம் மட்டம் பண்ணியிருக்கிறார்கள். வீட்டுக்கும் அதையே செய்தார்கள். மேல்வீட்டைச் சுற்றி ஒரு வரப்பு, கீழ்வீட்டைச் சுற்றி ஒரு வரப்பு, நடுவில் தண்ணீர் வடிய ஒரு மடைகூட வைத்தார்கள்.

நானும் அக்காவும் வாய்க்காலிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து மேல்வீட்டில் கொட்டினோம். அது தூர் வாரிக் கொட்டிய மண். எவ்வளவு ஊற்றினாலும் குடித்தது. பாதையில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “என்னங்க, நாத்து விடப் போறீங்களா?” என்று கேட்டார்.

“வீடு கட்டுறோம்” என்றார் மச்சாண்டார். அந்த ஆள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

முப்பது குடத்துக்கு மேல் போயிருக்கும். நான் கீழே என் அடுப்படி இருக்கப்போகிற இடத்தில் வரப்பை மிதித்துக்கொண்டிருந்தேன். மேலே நடுவரப்பின் மேல் மச்சாண்டார் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். அவர் காலுக்குக் கீழே வரப்பு உப்பிக்கொண்டு வந்தது. ஈரம் கசிந்தது. விரிசல் விட்டது. அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

அக்காவைத் தேடினேன். வாய்க்காலில் குடத்தோடு நின்றிருந்தார். கோழியைத் தேடினேன். ஒன்றும் இல்லை. முதுகைக் காட்டி மண் வெட்டிக்கொண்டிருந்த இவரிடம், “என்னங்க, அவங்கள எறங்கச் சொல்லுங்க” என்றேன்.

“என்ன சொல்ற? சத்தமாத்தான் சொல்லேன்” என்றார், திரும்பாமலே.

சொன்னேன். “மச்சாண்டாரே, எறங்குங்க! வரப்பு போவுது!”

என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. மச்சாண்டார் இறங்கியிருக்கலாம். ஆனால் ஆறு வருஷத்தில் என் குரலை நேராகக் கேட்டிராத மனுஷர், ஆணி அடித்த மாதிரி நின்று, “யாரு பேசுறது?” என்றார். அதோடு மடை, வரப்பு, முப்பது குடம் தண்ணீர், அவர், எல்லாம் சேர்ந்து இறங்கி என் அடுப்படிக்கு வந்தன.

இடுப்பு வரைக்கும் சேற்றில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் சுவரும் இல்லை, உமியும் இல்லை. மேலே அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

உள்ளே போய் ஒளிய எனக்கு ஒரு வீடு இன்னும் கட்டப்படவில்லை. பேசியதும் பேசியாயிற்று. இனிமேல் ஒரு வார்த்தை பேசினாலும் நூறு வார்த்தை பேசினாலும் ஒன்றுதான் என்று தோன்றியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அண்ணன் தம்பி வயலைப் பிரிச்சா தலைமடை ஒருத்தருக்கு, கடைமடை ஒருத்தருக்குன்னா பிரிப்பாங்க? மேலேருந்து கீழ வரைக்கும் நீட்டுக்குத்தானே வரப்பு போடுவாங்க? வீட்டுக்கும் சுவரை நீட்டுக்குப் போட்டா என்ன? ரெண்டு பேருக்கும் மேடும் இருக்கும், பள்ளமும் இருக்கும். ரெண்டு பேருக்கும் ரோட்டைப் பார்த்து வாசல். எனக்கு மட்டும் கீழ ஒரு வாசல் வேணும். நீங்க மேல உக்காந்திருந்தா நான் எப்படி வெளிய வருவேன்?”

மச்சாண்டார் ஒரு கையில் ஒட்டிய சேற்றை மறு கையால் வழித்தார். பிறகு தம்பியைப் பார்த்து, “ஊரு பூரா வரப்பு போட்டிருக்கோம். நமக்கு ஏண்டா இது தோணல?” என்றார்.

“அண்ணே, கீழ் வாசல் மிராசுதார் வயலைப் பார்க்குமே” என்றார் இவர்.

“பார்க்கட்டுமேடா. தெனம் விடிஞ்சா நம்ம வாசல் எதிர நிக்கிறது அவருக்குத்தான் கஷ்டம், நமக்கு என்ன? அந்தப் பொண்ணு கேக்குற வாசலை வையி. மொதல்ல என்னைத் தூக்கு.”

அப்படியே கட்டினோம். மண்சுவர், கீற்றுக் கூரை. மேலிருந்து கீழ் வரை நீளமாக ஒரே நடுச்சுவர். இரண்டு வீட்டிலும் மேலே கூடம், நாலு படி இறங்கினால் அடுப்படி. இரண்டு கொடியும் ஒரே மட்டத்தில் பாதையோரம் நின்றன. இவர் தேடிப்பிடித்த நீள மூங்கிலை வெட்டி என் கீழ்வாசலுக்குத் தட்டிக் கதவு கட்டினோம்.

மச்சாண்டாருக்குத்தான் அதற்கப்புறம் கூச்சம் வந்துவிட்டது. நான் எதிரில் வந்தால் அவர் உள்ளே போய்விட ஆரம்பித்தார். “வீட்டுல இருந்த ஒரு வெக்கங்கெட்ட ஆளும் போச்சு” என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பால் காய்ச்சிய அன்று காலை இவர் பாதையில் போய் நின்றுகொண்டு, “எங்க, முன்வாசல் வழியா வா பாப்போம்” என்றார். வேட்டி வெளுத்துக் கட்டியிருந்தார். இதைப் பார்க்கத்தானே இத்தனை பாடும் பட்டார் என்று எனக்கும் தெரியும். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்த வாசல் வழியாக வெளியே வந்தேன். பாதையில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். காது வரைக்கும் சூடேறியது. இவருக்கு முகமெல்லாம் பல். நான் நிற்காமல் வாய்க்காலுக்குப் போய்த் தண்ணீர் மொண்டேன். மனை ஓரமாகவே இறங்கி, வரப்பு வழியாகச் சுற்றி, கீழ்வாசலில் நுழைந்து குடத்தை இறக்கிவைத்தேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

நான் திரும்பி முன்வாசலில் நுழைவதையும் பார்த்துவிட வேண்டுமென்று இவர் வெகுநேரம் பாதையிலேயே நின்றிருந்தாராம். அக்கா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.