தாளில் இறங்காத நீலம்

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும், கணினி உண்மையைச் சொல்லிவிடும். திரையில் ஒளிர்கிற படத்தில் எந்தெந்த நிறம் தாளில் வராதோ, அங்கெல்லாம் சாம்பலைப் பூசிக் காட்டும். கள்ளக்குறிச்சியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் படம் திருத்துவதும் பக்கம் கட்டுவதும் என் வேலை. கல்யாணப் பத்திரிகைக்கு வரும் படங்களில் அந்தச் சாம்பலை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வாடாமல்லிப் புடவை மங்கும். கிளிப்பச்சை பாசியாகும். அச்சான அட்டைக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு, இதில் பளபளக்கிறது அதில் செத்துக் கிடக்கிறது என்று கல்யாண வீட்டார் சண்டைக்கு வருவார்கள். திரை சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, தாளுக்கு ஏது வெளிச்சம், அதற்கு நான்கு மைதான் என்று சொல்லி அனுப்புவேன். சொல்லும்போது எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

என் மனைவி அனுப்பிய படத்தில் அந்த விசைகளை அழுத்தியபோது மலை முழுக்கச் சாம்பலானது. மண் பாதையும், ஒரு கொட்டகையின் தகரக் கூரையும் மட்டும் மிச்சம்.

அவள் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால், ஆசிரியை. பதவி உயர்வில் போனாள். இரண்டு வருஷம்தானே என்றோம். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கினாள். சனிக்கிழமை இறங்கி வருவாள், திங்கள் விடியற்காலை பஸ்ஸில் ஏறிப் போவாள். மகன் கோயம்புத்தூரில் விடுதியில் இருந்தான். நடுவில் இருக்கிற நாட்களில் வீட்டில் நானும் குக்கரும்தான். அதுகூட மூன்று விசில் அடித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இரண்டு வருஷம் போனது, மேலும் போனது. இடமாறுதல் கலந்தாய்வு வரும்போதெல்லாம் அவளுக்கு ஏதாவது வேலை வந்துவிடும், விண்ணப்பம் தங்கிவிடும். அடுத்த தடவை பார்க்கலாம் என்பாள். நானும் தலையாட்டுவேன்.

அறையில் போன் எடுக்காது. சாயங்காலம் ஒரு பாறைவரை நடந்துபோய் நின்றால் எடுக்கும். அங்கிருந்துதான் அவளுடைய நாள் மொத்தமும் எனக்கு வந்து விழும். கேஸ் சிலிண்டர் வந்ததா, மாத்திரை போட்டீர்களா, பிறகு ஒரு படம். இந்தப் படமும் அப்படித்தான் வந்தது. மழை விட்ட நேரம். முன்னால் சாமைக் கொல்லை. பின்னால் மலைக்குப் பின் மலையாக மடிப்புகள், ஒவ்வொரு மடிப்பிலும் நீலம் கூடிக்கொண்டே போய், கடைசி மடிப்பில் எனக்குப் பெயர் தெரியாத ஒரு நீலம். மயில்கழுத்து இல்லை, ஊதா இல்லை. கீழே எழுதியிருந்தாள்: "இத வுட்டுட்டு எப்பிடிங்க வர்றது?"

விட்டுவிட்டு வர வேண்டாம், வீட்டில் கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. கூடத்துச் சுவரில் அந்த நீலம் அப்படியே இருந்தால் அவள் இறங்கிவிடுவாள் என்று நம்பினேன். கிறுக்குத்தனம்தான். ஆனால் அன்றாடம் நிறத்தோடு மல்லுக்கட்டுகிற ஒருவனுக்கு வேறெப்படித் தோன்றும்?

அச்சகம் வருஷாவருஷம் வாடிக்கையாளர்களுக்குத் தினசரி காலண்டர் கொடுக்கும். அதன் அட்டையில் இந்தப் படத்தைப் போடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படத்தைப் பார்த்தார்.

"மல நல்லாத்தான்யா கீது. சாமி இல்லாத காலண்டர எவன் வூட்ல மாட்டுவான்? ஓரமா ஒரு முருகன வெச்சுடு. மலையும் ஆச்சு, சாமியும் ஆச்சு."

வைத்தேன்.

பிறகு நிறம் மாற்றினேன். திரையின் ஆர்ஜிபியிலிருந்து நான்கு மையின் சிஎம்ஒய்கேவுக்கு ஒரே சொடுக்கு, அவ்வளவுதான், மலை மூச்சை விட்டுவிட்டது. கடைசி மடிப்பு நாவற்பழமாகச் சரிந்து கிடந்தது. மெஜந்தாவைக் குறைத்தேன், ஊதா விலகிப் பள்ளிச் சீருடையின் நீலம் வந்தது. கருப்பைக் கொஞ்சம் கூட்டினேன், ஆழம் வந்தது, ஆனால் மழை விட்ட மலை மழை வரப்போகிற மலையாகிவிட்டது. சாப்பாட்டு வேளையெல்லாம் இதிலேயே போனது. சியானைத் தொட்டு, மஞ்சளைக் கிள்ளி, மறுபடி முதலிலிருந்து. முருகனின் மயில் மட்டும் ஒரு திருத்தமும் கேட்காமல் ஜொலித்தது. அது அச்சுக்கென்றே பிறந்த மயில்.

அந்த வருஷம் கலந்தாய்வு தள்ளித் தள்ளிப்போய்க் கார்த்திகையில் வந்து நின்றது. எடுத்துப் பார்த்த மாதிரி அச்சுகளில் நல்ல ப்ரூஃபாக ஒன்றைச் சுருட்டிக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினேன். வளைவுக்கு வளைவு காது அடைத்துக்கொண்டது.

அறை வாசலில் நின்று படத்தை விரித்தாள். முதலில் சிரித்தாள்.

"இன்னாங்க, முருகர் எப்ப வந்தாரு இங்க? என்கிட்ட சொல்லவே இல்ல."

முதலாளி கூட்டிக்கொண்டு வந்தார் என்றேன். படத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாதான் இருக்குது. கீழ ரோட்லேந்து பாத்தா நம்ம மல இப்பிடித்தான் தெரியும்."

அதற்குமேல் சுற்றி வளைக்க என்னால் ஆகவில்லை. இந்தத் தடவையாவது எழுதிக் கொடுக்கிறாயா என்று கேட்டுவிட்டேன்.

"நேத்தோட தேதி முடிஞ்சிடுச்சிங்க." படத்தின் ஓரத்தை நீவிவிட்டாள். "மறந்துலாம் போவல. போன தடவையும் மறக்கல. கீழ வந்தா ரெண்டாவது நாளே மூச்சு முட்டுது. உங்கள வுட்டு இருக்கறது கஷ்டமாத்தான் கீது. ரெண்டும் நெசம்தான், இன்னா பண்ணச் சொல்றீங்க?"

படத்தை மறுபடி சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு என் கையிலேயே கொடுத்தாள்.

"இத நீங்க மாட்டிக்கோங்க. எனக்குக் கதவத் தொறந்தா இருக்குது."

அவளுக்கென்று செய்தது எனக்காகிவிட்டது. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்ததால் பாறைவரை நடந்தோம். அங்கே அது இருந்தது. படத்தில் பார்த்ததைவிடவும் கூடுதலாக, போனும் பிடிக்காமல் விட்டிருந்த ஏதோ ஒன்றோடு. அவள் புடவைத் தலைப்பைக் காற்று இழுத்துக்கொண்டிருந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நீலம் கறுக்கிறவரை நின்றோம்.

மறுநாள் முதலாளி, ப்ரூஃப் சரியா, இன்னும் திருத்தணுமா என்று கேட்டார். சரியாக இருக்கிறது, அச்சில் ஓட்டிவிடுங்கள் என்றேன்.

காலண்டர் இப்போது கூடத்தில் தொங்குகிறது. காலையில் காபி குடித்துக்கொண்டே ஒரு தாளைக் கிழிக்கிறேன். வெள்ளிக்கிழமைவரைக்கும் நான் கிழிக்கிறேன். சனிக்கிழமைத் தாளை அவளுக்கு விட்டுவைக்கிறேன்.