மடியில் வைத்தால் லக்கேஜ் இல்லை

என் அக்கா சந்திரம்மா பஸ் ஏறினால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் வேலை வந்துவிடும். சத்தியவேட்டிலிருந்து புத்தூர் போகிற பஸ்ஸில் உட்கார்ந்த கையோடு பக்கத்து ஆளிடம், "சித்த இத புடிச்சிக்கோ நைனா" என்று ஒரு பூசணிக்காயை நீட்டுவாள். முன் சீட்டு அம்மாளிடம் கீரைக்கட்டு போகும். பின் சீட்டுக்காரர் மடியில் மோர்ச் செம்பு ஏறும். நாகலாபுரம் வருவதற்குள் அவள் கையை வீசிக்கொண்டு காற்று வாங்குவாள். அவளுடைய மூட்டைகள் பஸ் முழுக்கக் குடியேறியிருக்கும்.

கண்டக்டர் துலுக்காணம் லக்கேஜ் டிக்கெட் கிழிக்க வருவார்.

"இன்னாக்கா, இத்தினி மூட்டைக்கும் சார்ஜ் போடணுமே."

"கீழ எதுனா கீதா பாரு. எல்லாம் மடியிலதான கீது? மடியில இருக்கிறது எப்டி லக்கேஜ் ஆவும்?"

துலுக்காணம் குனிந்து பார்ப்பார். கீழே ஒன்றும் இருக்காது. அவர் கையிலும் ஒரு பனங்கிழங்கைத் திணித்து அனுப்பிவிடுவாள். இதுதான் அவளுடைய பிரயாணச் சட்டம். எந்த சர்க்காரும் போடாத சட்டம், ஆனால் இருபது வருஷமாக அந்தத் தடத்தில் அதுதான் செல்லுபடி.

எனக்கு இதெல்லாம் ஆகாது. நான் ஆதிநாராயணன், புத்தூரில் சரித்திர வாத்தியார். ஒரு கைப்பை, ஒரு குடை, அதற்கு மேல் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். அக்காவோடு பஸ்ஸில் போக நேர்ந்தால் மூன்று சீட்டு தள்ளி உட்கார்ந்து, யாரோ போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவேன். அவளோ அங்கிருந்தே, "ஆதி, தயிர்சாதம் துன்றியாடா?" என்று கூவுவாள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷத்துக் கடைசி அது. சத்தியவேடு அடுத்த ஏப்ரலில் மெட்ராஸ் ராஜ்யத்திலிருந்து ஆந்திராவுக்குப் போகிறது என்று முடிவாகிவிட்டது. ஊரில் நாலு பேர் கூடினால் அதே பேச்சு. அக்காவிடம் கேட்டதற்கு, "நெலம் எங்கயும் எழுந்து போவல இல்ல? வுடு" என்று முடித்துவிட்டாள். அவளுடைய கவலையெல்லாம் ஹைதராபாத்தில் இருந்தது.

அங்கே அவள் மகள் தாட்சாயணி எட்டு மாதக் கர்ப்பமாக இருந்தாள். மாப்பிள்ளை வெங்கடரமணனுக்கு சர்க்கார் ஆபீசில் வேலை; கர்நூலில் தலைநகர் இருந்தபோது அங்கே, அது ஹைதராபாத்துக்கு மாறியதும் அவரும் கூடவே போனார். தாட்சாயணிக்கு இதற்கு முன் இரண்டு பிறந்து, இரண்டும் நிற்கவில்லை. முதல் குழந்தை பிறந்த அன்றே போயிற்று. இரண்டாவது கர்நூலில் நாலு மாதம் இருந்து, சிரித்துப் பழகிய பிறகு, ஒரு காய்ச்சலில் போய்விட்டது. அதற்கு அப்புறம் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவே மாட்டோம்.

அக்கா மட்டும் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் பக்கத்தில் குழந்தையைத் தொட்டிலில் போடும் நாளில், முதலில் அம்மிக் குழவியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, துணி சுற்றித் தொட்டிலில் போட்டு ஆட்டுவார்கள். கல்லைப் போலக் குழந்தை நிலைக்க வேண்டும் என்று. பிறகுதான் குழந்தை. கர்நூலில் பக்கத்து வீட்டுக் கல்லை இரவல் வாங்கிப் போட்டார்கள். "எரவல் கல்லு எத்தினி நாளைக்கு நிக்கும்?" என்பாள் அக்கா.

"காய்ச்சல் வந்து கல் யாருடையது என்று பார்க்குமா அக்கா?" என்று நான் ஒரு தடவை வாத்தியார் குரலில் கேட்டேன்.

"பாக்காதுன்னா வேற எதப் பாக்கும்? சொல்லு, அத எடுத்துக்கினு போறேன்."

சரித்திரப் புத்தகத்தில் அதெல்லாம் வராது.

பிரசவம் குறித்த நாளுக்கு ஒரு மாதம் முன்னாலேயே ஆகிவிட்டது. பெண் குழந்தை, பதினோராம் நாள் தொட்டில் என்று தந்தி வந்தது. அக்கா மூட்டை கட்டி முடிப்பதற்குள் அடை மழை பிடித்து, ரேணிகுண்டாவுக்கு அந்தப் பக்கம் எங்கோ பாலம் உடைந்து ரயில் நின்றுபோனது. மாப்பிள்ளை இன்னொரு தந்தி கொடுத்தார். மீனம்பாக்கத்திலிருந்து விமானத்தில் வரச் சொல்லி, டிக்கெட்டுக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். அக்காவின் புருஷன் நாராயணசாமி மாமா வானத்தில் விமானம் போனாலே வீட்டுக்குள் போய்விடுகிறவர். ஆகவே துணைக்கு நான்.

மீனம்பாக்கத்தில் கவுண்டரில் இருந்தவர் கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர், மரியாதை தெரிந்தவர். ஆளுக்கு நாற்பத்துநாலு பவுண்டு, கையில் ஒரு குடை, ஒரு கோட்டு, படிக்கப் புத்தகம், பெண்களுக்கு ஒரு கைப்பை, கைக்குழந்தை இருந்தால் அதற்குப் பால், மற்றதெல்லாம் தராசுக்கு என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு அவரைக் கட்டித் தழுவலாம் போலிருந்தது. என் வாழ்நாளில் முதல்முறையாக அக்காவுக்கு ஒருவர் லக்கேஜ் சட்டம் சொல்கிறார்!

அக்காவின் பெட்டி, பிரசவ லேகியம், திரட்டுப்பால், ஊறுகாய் ஜாடி, முறுக்கு டின், பழைய வேட்டி கிழித்த துணிகள் எல்லாம் தராசில் ஏறின. அவள் மட்டும் ஓரமாக நாற்காலியில், மஞ்சள் துணி சுற்றிய ஒன்றை மடியில் வைத்து அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, குழந்தைக்கும் பேர் பதியணும்" என்றார் இளைஞர்.

"கொழந்த இல்லப்பா, கல்லு."

அவர் எழுந்து வந்து துணியை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இதையும் நிறுக்கணும்மா."

"எதுக்கு? மடியிலதான வச்சிக்கினு கீறேன்?"

"பிளேன்ல மடியையும் சேர்த்துத்தான் நிறுப்போம்."

அப்படிச் சொல்லி அவளைக் கல்லோடு எடை மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டார். சின்ன விமானம், ஆட்களையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள் என்று எனக்கும் அப்போதுதான் தெரியும். பக்கத்தில் இருந்த சிப்பந்தி எடையை உரக்கப் படித்தான். வரிசையில் எல்லோரும் திரும்பினார்கள். "அதுல பாதி கல்லுதான்" என்று அக்கா எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தாள்.

எடை கூடிவிட்டது. விமானம் நிறைந்திருக்கிறது, எதையாவது விட்டுத்தான் போக வேண்டும் என்றார் இளைஞர். "கல்லு ஊரெல்லாம் கிடைக்குமேம்மா" என்றும் சொல்லிப் பார்த்தார். அக்காவின் முகம் மாறியது. நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இதுக்குப் பதிலா நா வேணா நின்னுடறேன். இவன் எடுத்துக்கினு போவட்டும்" என்றாள். அந்த இளைஞர் அப்புறம் கல்லைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் அவள் நின்றுவிடவும் இல்லை. கண் மெதுவாக என் பையின் மேல் வந்தது.

"ஆதி, உன் பையில இன்னா கீது?"

இரண்டு வேட்டி, மூன்று சட்டை, சவரப் பெட்டி, இரண்டு தடித்த புத்தகங்கள். "ஐதராபாத்துல வேட்டி கெடைக்காதா? சவரம் பண்ண ஆள் இல்லியா?" என்று அவளே கேட்டு அவளே பதில் சொல்லி, வழியனுப்ப வந்த பங்காளி திருவேங்கடத்திடம் என் பையைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஒரு பையோடு ஒழுங்காகப் பிரயாணம் செய்கிறவன் நான். அந்த ஒரு பையும் போயிற்று.

இன்னும் கொஞ்சம் கூடுதல் இருந்தது. அக்கா முறுக்கு டின்னைத் திறந்து வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். அதிலும் ஒரு ஒழுங்கு: எடை பார்த்து முடிந்தவர்களுக்கு மட்டும்தான் முறுக்கு. "நீ இரு நைனா, மொதல்ல நிறுத்துக்கினு வா" என்று ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பினாள். கவுண்டர் இளைஞருக்கும் இரண்டு கிடைத்தது. இந்தக் கணக்கு அவருக்குப் புரியாமலா இருக்கும்? வாயில் முறுக்கு இருந்ததால் பேசாமல் இருந்தார்.

விமானத்தில் பணிப்பெண் காதுக்குப் பஞ்சும் வாய்க்கு மிட்டாயும் கொண்டுவந்தாள். அக்காவின் மடியைப் பார்த்து, கிளம்பும்போது பாப்பாவுக்குப் பால் கொடுத்தால் காது வலிக்காது என்று பரிவாகச் சொன்னாள். மீனம்பாக்கத்தில் உண்மை பேசிப் பட்ட பாட்டை நினைத்தோ என்னவோ, அக்கா இந்தத் தடவை தலையை மட்டும் ஆட்டினாள்.

விமானம் மேகத்துக்குள் குலுங்கியதும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நான் காகிதப் பை தேடுவதற்குள், அந்தப் பக்கம் இருந்த கோட்டுக்காரரிடம் திரும்பி, "சித்த புடிச்சிக்கோ நைனா" என்று கல்லைக் கொடுத்துவிட்டாள். அவர் பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் மெதுவாக நீட்டி வாங்கினார். கை சடாரென்று கீழே போனது.

"ஏமம்மா, இதி ராயி கதா!" கல்லாயிற்றே என்று பதறினார் மனிதர்.

வாந்திக்கு நடுவிலும் அக்கா தெலுங்குக்கு மாறினாள். "மா இன்ட்டி ராயி, நைனா. உய்யாலலோ வெய்யாலி." எங்கள் வீட்டுக் கல், தொட்டிலில் போட வேண்டும்.

அவர் ஆந்திர ரெவின்யூ அதிகாரி, எல்லைக் கிராமங்களைப் பிரிக்கிற வேலையாக மெட்ராஸ் வந்து போகிறவர் என்று பிறகு தெரிந்தது. எந்த ஊர் தமிழ், எந்த ஊர் தெலுங்கு என்று மாதக்கணக்காகச் சண்டை கேட்டுச் சலித்துப்போனவர். "மா அம்மா கூட இட்லே சேசேதி" என்றார், தன் தாயும் இப்படித்தான் செய்வாள் என்று. இறங்கும் வரை கல்லைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. விமானம் தரை தட்டியபோது அதன் தலைப் பக்கம் கையை அணைவாக வைத்துக்கொண்டார். கல்லுக்கு என்ன ஆகிவிடப் போகிறது? ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை தொட்டில். உத்தரத்தில் புடவை கட்டித் தயாராக இருந்தது. தாட்சாயணி மட்டும் குழந்தையை விடவில்லை. பிறந்த நாளிலிருந்தே அவள் அதைக் கீழே விடவில்லை, ராத்திரியும் உட்கார்ந்தே இருக்கிறாள் என்று மாப்பிள்ளை என்னிடம் கிசுகிசுத்தார். அவள் கண்கள் குழி விழுந்திருந்தன.

அக்கா கல்லைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தொட்டிலில் கிடத்தி ஆட்டினாள். புடவை முடிச்சு கரகரவென்று சத்தம் போட்டது. பிறகு கல்லை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, மகளைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"இனிமே இதுக்கு ஒண்ணும் ஆவாது இல்லம்மா?" என்று கேட்டாள் தாட்சாயணி.

கண்டக்டருக்கும் கவுண்டர்காரருக்கும் எனக்கும் ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் வைத்திருந்தவள் அக்கா. ஆகாது என்று சொல்லிவிடுவாள் என்று நான் காத்திருந்தேன்.

"தெரியாதுடி" என்றாள். "என்னால தூக்கிக்கினு வர முடிஞ்சது இதுதான்."

தாட்சாயணி அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாள். அக்கா அதைத் தொட்டிலில் போட்டு ஆட்டினாள். நாலு ஆட்டு ஆடுவதற்குள் குழந்தைக்கு முன்னால் அதன் தாய் தூங்கிப்போனாள், சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி.